பிரேக்கைத்தான் மிதித்தேன்

ஐம்பது வயதில் லைசன்ஸ் எடுத்தவளை எங்கள் கெலுகோர் தெருவில் எல்லோரும் ஒரு மாதிரிதான் பார்த்தார்கள். என் வீட்டுக்காரர் ஒருபடி மேலே. நான் ஸ்டியரிங்கில் கை வைத்தாலே உள்ளே போய் விபூதி பூசிக்கொண்டு வருவார். அவர் பாசார் சந்தையில் மீன் வியாபாரம் செய்கிறவர். ஐஸ் பெட்டிகளைச் சுமக்கும் அந்தப் பழைய பிக்கப் வண்டி மேல் அவருக்கு அப்படி ஒரு பாசம். கதவோரம் துரு தலைகாட்டினால் போதும், அன்றைக்கே பெயிண்ட் டப்பாவோடு உட்கார்ந்துவிடுவார். வண்டிக்கு அடியில் மட்டும் அவர் குனிந்து பார்த்ததாக எனக்கு நினைவில்லை.

அந்த ஆயுத பூஜைக்கு வண்டியைக் கழுவி, சந்தனம் குங்குமம் வைத்து, மாலை போட்டதெல்லாம் நான். அதனால் எலுமிச்சம்பழத்தின் மேல் ஏற்றுவதும் நான்தான் என்று அடம்பிடித்தேன். "நாலு அடிதானே, அண்ணி ஓட்டட்டுமே," என்று கொழுந்தனார் சிபாரிசு செய்தார். சாயங்காலம் பாலிக் புலாவில் அவர் வீட்டுப் பூஜைக்கு, அதே வண்டியில் மலைச்சாலை ஏறி இறங்கிப் போவதாக ஏற்பாடு.

பழங்கள் சப்பென்று நசுங்கின. பிரேக்கை மிதித்தேன். சேற்றில் கால் வைத்த மாதிரி பெடல் அடிவரைக்கும் போனது. வண்டி நிற்கவில்லை. தேங்காய்த் தட்டு, வாழைப்பழம் எல்லாவற்றின் மேலும் ஏறிப் போனது. வீட்டுக்காரர் வேட்டியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஒரு ஓட்டம் ஓடினார் பாருங்கள், அந்த வேகம் அவரிடம் இருக்கும் என்று நான் நினைத்ததே இல்லை. இரண்டு கையாலும் கைபிரேக்கை இழுத்தேன். எதிர்வீட்டுப் பூந்தொட்டியை உடைத்துவிட்டு வண்டி நின்றது.

யாருக்கும் அடியில்லை என்று தெரிந்ததும் எல்லோரும் சிரிக்கத் தொடங்கினார்கள். "பிரேக்குன்னு நெனச்சி ஆக்சிலேட்டர மிதிச்சிட்டா லா," என்றார் வீட்டுக்காரர்.

"நான் பிரேக்கத்தான் மிதிச்சேன்."

"வண்டி மேல பழிய போடாத."

அவரே ஏறி உட்கார்ந்து பெடலை விடாமல் மிதித்து மிதித்து விட்டார். வண்டியை முன்னே பின்னே நகர்த்தி, நிறுத்தியும் காட்டினார். "பாத்தியா? ஜம்முன்னு பிடிக்குது." எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. கூடவே அழுகையும். இனி சாவியை என் கண்ணில்கூடக் காட்டமாட்டார்.

ஆனால் என் கால் எங்கே மிதித்தது என்று எனக்குத் தெரியும். தப்பு என் கால் மேல் இல்லையென்றால் வண்டி மேல்தான். சாயங்காலம் இந்த மனிதர் இதே வண்டியில் மலை இறங்கப் போகிறார். அதை நினைத்ததும் கோபம் எங்கே போனதென்றே தெரியவில்லை. அவர் கால் கழுவப் போன நேரம் பார்த்து சாவியை எடுத்து இடுப்பில் செருகிக்கொண்டேன்.

மாக் மண்டினில் பட்டறை வைத்திருக்கும் மெக்கானிக் எங்கள் தெருவில்தான் குடியிருக்கிறார். பட்டறைப் பூஜையை முடித்துவிட்டு, பட்டு வேட்டியில் பொரிகடலை சாப்பிட்டுக்கொண்டிருந்தார்.

"ஸ்பேனரெல்லாம் சாமி முன்னால அடுக்கிட்டேன் அக்கா. நாளைக்குத்தான் எடுக்கணும். இன்னிக்குத் தொடமாட்டேன் லா."

"ஸ்பேனர் வேணாம் தம்பி. கண்ணு இருக்குல்ல? வந்து கீழ பாரு."

பாவம், பட்டு வேட்டியோடு அட்டை விரித்துப் படுத்துக் கைப்பேசி வெளிச்சத்தில் பார்த்தார். அதற்குள் வீட்டுக்காரரும் சாவியைத் தேடிக்கொண்டு அங்கே வந்துவிட்டார். மெக்கானிக் அவரிடம், "அண்ணே, கொஞ்சம் குனிங்க," என்றார்.

நாங்கள் இருவரும் குனிந்தோம். பின் சக்கரத்துக்கு பிரேக் ஆயில் கொண்டுபோகும் மெல்லிய குழாய் அது. ஐஸ் பெட்டியின் உப்புத்தண்ணீர் சொட்டும் ஓட்டைக்கு நேர் கீழே துருப்பிடித்து உப்பியிருந்தது. மெக்கானிக் விரலால் லேசாகத் தட்டினார். அப்பளம் மாதிரி உதிர்ந்தது.

"மிதிச்சிக்கிட்டே இருந்தா கொஞ்சம் பிடிக்கும்ணே. மலை எறங்குறப்ப கைய விரிச்சிரும். அக்கா பிரேக்கத்தான் மிதிச்சிருக்காங்க."

ஒருவரும் சிரிக்கவில்லை. ஜெயித்த சந்தோஷம் வரும் என்று நினைத்தேன், வரவில்லை. வீட்டுக்காரர் குந்திய இடத்தைவிட்டு எழுந்திருக்கவே இல்லை. அன்று சாயங்காலம் சுண்டல் பானையை மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸில்தான் பாலிக் புலாவுக்குப் போனோம். வழி நெடுக நான் பேசிக்கொண்டே வந்தேன். அவர் ஜன்னல் வழியே கீழே பள்ளத்தையே பார்த்துக்கொண்டு வந்தார்.

மறுநாள் சாமியிடமிருந்து ஸ்பேனர்கள் இறங்கி வந்தன. எல்லாக் குழாயும் புதிதாக மாறியது. அந்த வாரக் கடைசியில் மறுபடி கொழுந்தனார் வீட்டுக்குக் கிளம்பியபோது, வீட்டுக்காரர் தானாகவே இடப்பக்கக் கதவைத் திறந்து ஏறி பெல்ட்டை மாட்டிக்கொண்டார்.

நான்தான் ஓட்டினேன். மலை இறங்கும்போது பக்கத்தில் பார்த்தால், ஒவ்வொரு வளைவிலும் அவர் வலது கால் வெறும் தரையை அழுத்திக்கொண்டிருந்தது.

"இன்னும் என் மேல நம்பிக்கை வரலையாங்க?"

"உன் மேல இருக்கு," என்றார், காலை எடுக்காமலே. "வண்டி மேலதான் இல்ல."