விழாத பால்பல்

என் மகளுக்கு ஒன்பது வயதாகியும் ஒரு பால்பல்கூட விழவில்லை. வெள்ளியில் பல் செய்து காணிக்கை போடுவதாகத் திருப்போரூர் முருகனுக்கு வேண்டிக்கொண்டு காத்திருந்தேன். பள்ளியில் கேலி அதிகமாகவே, பிடுங்கிவிடலாம் என்று கேளம்பாக்கத்தில் ஒரு பல் டாக்டரம்மாவிடம் கூட்டிப்போனேன்.

அவர் பல்லை எடுக்கவில்லை. “யூனிபார்ம் கடைசியா எப்போ தெச்சீங்க?” என்றார்.

“ரெண்டாவது படிக்கசொல்ல தெச்சதே இன்னும் சரியா கீது டாக்டர்,” என்றேன் பெருமையாக.

“அப்போ பல்லு மட்டும் இல்லம்மா, பொண்ணே வளரல. கழுத்துல தைராய்டு சுரப்பி இருக்குல்ல, அந்த ஹார்மோன் கம்மியானா ரெண்டுமே மெதுவாயிடும். மொதல்ல ரத்த டெஸ்ட் எடுங்க.”

தினமும் தலைவாரிவிடும் எனக்கு அவள் வளராதது தெரியவில்லை. டெஸ்ட்டிலும் தைராய்டு குறைவு என்றே வந்தது. மாத்திரை தொடங்கிச் சில மாதங்களில் முன்பல் ஆடியது.

மாத்திரையை வெறும் வயிற்றில் போட வேண்டும். விடிந்ததும் அவள் அதை விழுங்கிய பிறகுதான் இப்போது சாமி விளக்கை ஏற்றுகிறேன். முருகன் கோபித்துக்கொள்ள மாட்டார்.