திரைக்குப் பின்னால் மூன்று நாள்

நான்கு வருடங்களுக்கு முன், பாலாவியில் நடந்தது. ரேடியோ, டீவி திருத்தும் கடை தம்பியுடையது; திருத்துவது அவனுக்கு மூத்தவளான நான். வாப்பாவிடம் பழகிய வேலை. ஆனால் அந்நியரோடு கதைக்க எனக்குக் கூச்சம். திரைக்குப் பின்னால் பின்னறையில் இருந்துகொள்வேன். வருகிறவர்களோடு தம்பிதான் கதைப்பான்.

ஒருநாள் சிலாபம் பக்கமிருந்து ஒரு பெரியவர் பழைய சின்தசைசர் ஒன்றைக் கொண்டுவந்தார். முன்பு கல்யாண வீடுகளில் வாசித்தவராம். மகளின் கல்யாணத்திலும் அதையே வாசிப்பதாக அவளுக்குச் சொல்லியிருந்தார். நான்கு நாள்தான் இருந்தது.

அதில் சத்தமே வரவில்லை. உப்புக்காற்றில் உள்ளே இணைப்புகள் பச்சை பூத்திருந்தன. துடைத்து, விட்டுப்போன இடங்களில் ஈயம் வைத்தேன். சத்தம் வந்தது, சுருதி நிற்கவில்லை. ஒரு கட்டையை அழுத்தியபடி இருக்கும்போதே விலகிப் போனது. சுருதிக்கான சின்னத் திருகாணிகளைச் செய்தவர்களே சிவப்புப் பூச்சால் மூடியிருந்தார்கள். தொடக்கூடாது என்பதற்கான அடையாளம். நல்லவேளை, பழைய இடத்தைப் பேனையால் கோடிட்டுவிட்டுத்தான் திருப்பினேன். சரியாக்கி, நிறுத்தி, மறுபடி போட்டால் பிழை. மூன்று நாள் இதே கதை.

"ராத்தா, இது பாட்டில்ல, ஆட்டுக்குட்டி கத்துற மாதிரி இருக்கு. ஏலாதெண்டு சொல்லிருவோம்" என்றான் தம்பி.

பெரியவர் வந்தார். தம்பி விஷயத்தைச் சொன்னது திரைக்குப் பின்னால் எனக்குக் கேட்டது.

"பரவாயில்ல தம்பி. மகள்ட்ட எப்படிச் சொல்றதெண்டுதான் தெரியல்ல."

நான்தான் கெடுத்துவிட்டேனோ என்று தோன்றியது. தலைச்சீலையை இழுத்துவிட்டு வெளியே வந்தேன். நிலத்தைப் பார்த்தபடி எல்லாவற்றையும் சொன்னேன்.

"போட்டு எவ்வளவு நேரம் விட்டுப் பாத்தீங்க, தங்கச்சி?"

"ரெண்டு நிமிசம் பாத்துட்டு நிப்பாட்டிருவன்."

அவர் சிரித்துவிட்டார். "அது சூடேறினாத்தான் சுதி நிக்கும். நாங்க இதப் போட்டுட்டுத்தான் சாப்பிடப் போவோம்." பின்னறைக்கு வந்தவர், மேசைக்கு நேர் மேலே சுற்றிய காற்றாடியையும் நிறுத்தச் சொன்னார்.

திருகாணிகளைக் கோட்டுக்கே திருப்பினேன். வியர்த்து ஒழுக மூவரும் அரைமணி நேரம் காத்திருந்தோம். பிறகு அவர் ஒரு கட்டையை அழுத்தினார். சத்தம் அசையவில்லை. விரலை எடுக்காமலே என்னைப் பார்த்துத் தலையாட்டினார்.

"எண்ட ராத்தா வெளிய வந்ததுதான் பெரிய ரிப்பேர்" என்றான் தம்பி.

இப்போதும் கூச்சம் போகவில்லை. ஆனால் எந்தப் பொருள் வந்தாலும், அதைத் திறப்பதற்கு முன் திரையைத் திறந்துகொண்டு போய், கொண்டுவந்தவரிடம் அதைப்பற்றிக் கேட்டுவிடுகிறேன்.