மச்சானுக்கு மாம்பழப் பாகில் பன்றிக்கறி: படாளம் முதல் மாமல்லபுரம் வரை

நான்கு வருடம் முன்பு, கல்யாணமான புதிதில், மனைவி வீட்டு விருந்தில் இலையில் வைத்த பன்றிக்கறியை ஒதுக்கி வைத்தேன். எங்கள் வீட்டில் அந்தப் பழக்கமில்லை என்பது சரி. முகம் சுளித்தேனே, அது சரியா? சமைத்தவர் மனைவியின் அண்ணன் சேகர். அன்றிலிருந்து அவர் என் கையால் எதையும் சாப்பிட்டதில்லை. அந்தத் தப்பைச் சரிசெய்யத்தான் போன ஜூன் மாத ஞாயிறு ஒன்றில் இந்தப் பயணம்.

சேகர் மச்சானின் கறிக்கடை படாளத்தில், ஜி.எஸ்.டி. சாலையோரம். ஞாயிறு மட்டும்தான் கடை. எட்டு மணிக்கு மேல் போனால் எலும்புதான் மிஞ்சும். நான் 6:10-க்கே போய் நின்றேன்.

"இன்னா மாப்ள, யாருக்குக் கறி?"

"உங்களுக்குத்தான் மச்சான். மாமல்லபுரத்துல நானே சமைக்கிறேன். நீங்க வரணும்."

"வரேன். துன்றதப் பத்தி அப்பால பாக்கலாம்."

தோலும் கொழுப்புமாக வயிற்றுக்கறி மூன்று கிலோ. கிலோ 360 ரூபாய். மாப்பிள்ளை என்று பத்து ரூபாய்கூடக் குறைக்கவில்லை மனுஷன்.

செங்கல்பட்டு, திருக்கழுக்குன்றம் வழியாக என் வண்டிக் கணக்கில் 46 கிலோமீட்டர், ஒன்றேகால் மணி நேரம். வழியில் பங்கனப்பள்ளி இரண்டு கிலோ 160 ரூபாய். மனைவி முதல் நாளே போய்த் தங்கியிருந்த கடலோர வாடகை வீடு, நாளுக்கு 4,500. வீடு பிடிக்கும்போது பெரிய பாத்திரம் இருக்கிறதா என்று கேட்டுவிடுங்கள்.

நான் சமைத்தது சூ வீட் என்ற பிரெஞ்சு முறையில்; அதாவது, கறியைக் காற்று நீக்கிய பையில் அடைத்து, சூடு மாறாத வெந்நீரில் மணிக்கணக்கில் போட்டுவைப்பது. சூட்டைப் பார்த்துக்கொள்ள ஒரு மின்கருவி. எட்டு மாதமாகப் பழகிய கை, எனக்குப் பயமே இல்லை. உப்பு, மிளகு, பூண்டு தடவி, 75 டிகிரி, எட்டு மணி நேரம் என்று வைத்தேன். மேடையில் இடமில்லை; பற்றவைக்காத கேஸ் அடுப்பின் மேலேயே பாத்திரம். ஆரம்பித்தது காலை 8:30.

ஒரு மணிக்கு வெல்லம் வாங்கப் போய்விட்டுத் திரும்பினால், மச்சான் சமையலறையில் நிற்கிறார். அடுப்பு எரிகிறது. கருவி 91 காட்டிக் கத்துகிறது.

"மணிக்கணக்கா வெச்சிகினு கீற, தண்ணி கொதிக்கவேயில்ல. கொதிக்காம பன்னிக்கறி எப்படி வேவும்? அதான் பத்த வெச்சேன்."

சுருக்கென்று கோபம் வந்தது. அப்புறம்தான் உறைத்தது: சாப்பிடுவாரா மாட்டாரா என்று நான் தவித்துக்கொண்டிருந்தவர், கறி வேகவில்லையே என்று கவலைப்பட்டிருக்கிறார்! எனக்குச் சிரிப்பும் சந்தோஷமும் சேர்ந்து வந்தன. அடுப்பை அணைத்துப் பச்சைத் தண்ணீர் ஊற்றினேன். வயிற்றுக்கறி இதையெல்லாம் தாங்கும். கொழுப்பில்லாத கறி என்றால் சக்கையாகியிருக்கும்.

4:30-க்குப் பையைப் பிரித்து, தோல் மொறுமொறுக்கும்வரை இரும்புக் கல்லில் வாட்டினேன். மாம்பழக் கூழ், வெல்லம், காய்ந்த மிளகாய், கொஞ்சம் வினிகர் சேர்த்துச் சுண்டக் காய்ச்சிய பாகை மேலே தடவித் தட்டில் வைத்தேன்.

மச்சான் ஒரு துண்டை எடுத்தார். என் வாய்க்கு நேரே நீட்டினார்.

"மொதல்ல நீ துன்னு."

அவர் கையிலிருந்தே வாங்கித் தின்றேன். "அன்னிக்கு நான் பண்ணது தப்பு மச்சான்" என்றேன். அவர் தட்டைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். "இனிப்பு ஜாஸ்தி" என்றபோது மூன்றாவது துண்டில் இருந்தார்.

போகிறவர்கள் கறிக்கு ஐஸ் பெட்டியும், கருவிக்கு நீள ஒயரும் எடுத்துக்கொள்ளுங்கள். மூன்று கிலோவுக்கு வெல்லம் நூறு கிராம் போதும்; மச்சானின் திருத்தம் அது. மன்னிப்புக் கேட்க வேண்டிய ஆள் யாராவது இருந்தால், என்னைப்போல நான்கு வருடம் இழுக்காதீர்கள். கறிக்கே எட்டு மணி நேரம்தான் ஆகிறது.