மூன்றாவது சுற்று

நம்புவதும் நம்பாததும் உங்கள் விருப்பம். என் வலது கை இன்னும் என்னிடம் இருக்கிறது. அது எப்படித் தப்பியது என்பதைத்தான் சொல்கிறேன்.

பினாங்கில், மோட்டார்களை ஓட்டிச் சோதிக்கும் கூடம் அது. வேறு பிரிவிலிருந்து அப்போதுதான் மாற்றலாகி வந்திருந்தேன். ஓவர்டைம் பார்த்துப் பார்த்துக் கண் எரிந்தது. வெள்ளிக்கிழமை மதியம். முஸ்லிம் ஆண்கள் தொழுகைக்குப் போயிருந்தார்கள். நானும், பக்கத்து மேசையில் கம்பி பற்றவைத்துக்கொண்டிருந்த ரொஹானி அக்காவும்தான் மிச்சம்.

கடைசி மேடையில் மோட்டார் நின்றிருந்தது. ஆனால் அதன் சுற்றுகளை எண்ணும் கவுண்டர் எண்ணிக்கொண்டே இருந்தது. ஒவ்வொரு எண்ணுக்கும் ஒரு சத்தம். டிக்...

“ஹோக், அந்தச் சனியன நிறுத்தித் தொலையேன். தலை வலிக்குது.”

“இரைச்சல்தான்க்கா. ஃபில்டர் போட்டா அடங்கிரும்.”

கம்பியில் பொய்த் துடிப்புகள் வருவதுண்டு. மின்னி மறைந்துவிடும். ஃபில்டர் வைத்தால் கவுண்டர் அவற்றைச் சட்டை செய்யாது. வைத்தேன்.

டிக்...

பொய்த் துடிப்பு இல்லை. மோட்டார் அச்சில் மாட்டிய சக்கரத்தில் எட்டுப் பல்; ஒவ்வொரு பல்லும் கடக்கும்போது சென்சார் ஒரு துடிப்பு அனுப்பும். எட்டுத் துடிப்புக்கு ஒன்று என்று எண்ணும்படி மாற்றினேன். இனி ஒரு டிக் என்றால் ஒரு முழுச் சுற்று.

டிக்... அவசரமே இல்லை. கையால் சுற்றுவதுபோல.

“சென்சார் போச்சு” என்றேன். அலுப்பில் வேறெதுவும் தோன்றவில்லை. மோட்டாரின் மெயின் சுவிட்சை அணைத்துப் பூட்டினேன். சாவி என் சட்டைப்பையில். சென்சார் வயரைப் பிடுங்கினேன். கவுண்டருக்குத் தனி மின்சாரம். அதைப் பூஜ்யத்துக்குக் கொண்டுவந்தேன். சென்சாரைக் கழற்ற, சக்கரத்தின் பின்னால், அதில் படாமல், கையை நுழைத்தேன்.

டிக். ஒன்று.

சக்கரம் அசையவில்லை.

டிக். இரண்டு.

அக்காவின் மேசையில் சத்தம் நின்றது.

“ஹோக்... வயர் கழட்டிட்டியா?”

“கழட்டிட்டேன்.”

டிக்.

“கைய எடுடா!”

எடுத்தேன்.

மோட்டார் உறுமியது. சட்டைக்கை நுனி கிழிந்து சுழன்றது. பிறகு தானாக நின்றது.

சாவி சட்டைப்பையிலேயே இருந்தது.

அக்கா தேநீர் கொண்டுவந்து வைத்தார்.

“எப்படிக்கா தெரிஞ்சது?”

“இது பாக் ஜஃபார்ங்கற பெரியவரு வேலை பாத்த மேடை. கவுண்டரப் பூஜ்யம் பண்ணிட்டு மூணு சுத்து கையால சுத்திப் பாப்பாரு. மூணாவது முடிஞ்சதும் ஸ்டார்ட் பட்டன அமுக்கிருவாரு. இத்தனை வருஷம் கேட்ட சத்தம்டா.”

“அப்ப... என்னைக் காப்பாத்தத்தான் சத்தம் குடுத்தாரா?”

அக்கா அந்த மேடையைத் திரும்பிப் பார்த்தார்.

“போன நோன்புக்கு முன்னாடிதான் அடக்கம் பண்ணோம். கடைசில அவருக்குக் கண்ணு சுத்தமாத் தெரியாதுடா. மேனேஜர்ட்ட சொல்லாம வேலை பாத்தாரு. உள்ள எட்டிப் பாக்க மாட்டாரு. சுத்தும்போது ஏதாவது தடுக்குதான்னு மட்டும்தான் பாப்பாரு.”

என் கை சக்கரத்தில் படவில்லை.

அவருக்கு எதுவும் தடுக்கவில்லை.