வாக்கா, சாப்டியா?

கறுப்புத் திரையில் பச்சை எழுத்தில் ‘வாக்கா, சாப்டியா?’ என்ற வரி இன்றும் என் கண்ணில் நிற்கிறது. அக்காவுக்கு எத்தனையோ மதியங்களில் நான் அனுப்பிய வரி. அனுப்பினேன் என்பதுகூடப் பொய்.

இரண்டாயிரங்களின் தொடக்கம். அத்தான் இறந்தபின் அக்கா குரோம்பேட்டை வீட்டில் தனியாக இருந்தாள். நான் நாவலூரில் வேலையில் இருந்தேன். மதியங்களில் அவளுக்குத் துணையாக இருக்கலாமென்று, படமே இல்லாமல் எழுத்தாலேயே பலர் கூடி ஆடும் இணைய விளையாட்டு ஒன்றைப் பழக்கினேன். அதில் நுழைவதற்கான மென்பொருளை இருவர் கணினியிலும் ஏற்றினேன். ‘வடக்கே போ’ என்று தட்டினால் குகை வரும்; திரும்பி வந்தால் சத்திரத்தில் எந்தெந்த நாட்டுக்காரர்களோ உட்கார்ந்து அரட்டை அடித்துக்கொண்டிருப்பார்கள். அக்கா சீக்கிரமே தேறிவிட்டாள். “பருப்பு வேகறதுக்குள்ள டிராகனை முடிச்சிட்டேன்டா!” என்று போனில் கத்தினாள்.

எனக்கு வேலை நெருக்கியது. அந்த மென்பொருளில், இன்ன வரி வந்தால் இன்ன பதில் தானாகப் போகட்டும் என்று சொல்லிவைக்கலாம். அக்கா உள்ளே வந்ததும் ‘என்னடா பண்றே?’ என்பாள். அதற்கு அந்தப் பச்சை வரி போகும்படி வைத்துவிட்டு மீட்டிங்குக்குப் போய்விடுவேன். துணை கேட்டவளுக்கு இயந்திரத்தைக் கொடுத்தேன்.

ஒருநாள் மனசு உறுத்த, அலுவலகக் கணினியை அப்படியே ஓடவிட்டு அவள் வீட்டுக்குப் போனேன். அக்கா வாசலில் கீரைக்காரம்மாவோடு நின்றிருந்தாள்.

“இன்னா யக்கா, வாடிக் கீதுன்றியே? இப்பத்தான் பறிச்சிக்கினு வந்தேன்!”

உள்ளே அவள் கணினித் திரையில் வரிகள் ஓடிக்கொண்டிருந்தன. அப்படியானால் தட்டுவது யார்? எட்டிப் பார்த்தேன். ‘வாக்கா, சாப்டியா?’ ‘சாப்டேன். என்னடா பண்றே?’ ‘வாக்கா, சாப்டியா?’ ‘சாப்டேன். என்னடா பண்றே?’ திரை அருவியாகக் கொட்டியது. சாப்டியா என்றால் என்ன மந்திரம் என்று சத்திரத்தில் யாரோ கேட்டார்கள். வரிகளின் வேகம் தாங்காமல் விளையாட்டு எங்கள் இருவரையும் வெளியே தள்ளியது.

பின்னால் அக்கா கீரைக்கட்டோடு குலுங்கிக் குலுங்கிச் சிரித்தாள். “ஒத்தை விரல்ல தட்டுறவன் நீ. கண்ணை மூடித் தொறக்கறதுக்குள்ள பதில் வந்தா எனக்குத் தெரியாதா? அதான் இன்னிக்கு நானும் ஒண்ணு வெச்சேன்.”

“எப்பலேர்ந்துக்கா தெரியும்?”

“மொதல் நாள்லேர்ந்து. உன் மிஷினாவது விசாரிச்சுதே!”

அவளோடு சேர்ந்து நானும் சிரித்தேன். அந்தக் கடைசி வாக்கியம் மட்டும் இன்னும் இறங்கவில்லை.

இப்போது எங்கள் இருவர் கையிலும் செல்போன். ‘என்னடா பண்றே?’ என்று அவள் கேட்டதுமே அது தயாராகப் பதில்களை நீட்டுகிறது. நான் தொடுவதில்லை. கண்ணாடியைத் தேடிப் போட்டுக்கொண்டு, ஒத்தை விரலால் ‘வாக்கா, சாப்டியா?’ என்று தட்டி முடிக்க வெகுநேரம் ஆகிறது.

அக்காவிடமிருந்து பதில் வரும்: ‘இவ்ளோ நேரமா? அப்ப நீதான்டா.’