முன்சக்கரத்தின் பாரம்

கம்சனாவின் தொழில் செயற்கைக் கால் பொருத்துவது. ஜெர்மனியில், டோர்ட்மண்ட் நகரின் வடக்குப் பக்கத்தில் உள்ள ஒரு பட்டறையில் ஆவுஸ்பில்டுங் என்ற தொழிற்பயிற்சியைப் படித்தாள். முடித்த பிறகும் அங்கேயே வேலைக்கு நின்றுவிட்டாள். கால் இழந்தவர்களை நடக்கவைத்து, அவர்கள் எந்தப் பக்கம் சாய்கிறார்கள், எங்கே தயங்குகிறார்கள் என்று பார்த்துப் பார்த்து அவளுடைய கண் அதற்கே பழகிவிட்டது.

வார இறுதிகளில் அவள் செய்த வேலையைச் சொன்னால்தான் கோயில் திருவிழாவில் சந்திக்கிறவர்கள் நம்பமாட்டார்கள். அவள் ஒரு கார் கட்டிக்கொண்டிருந்தாள். ஹாம் என்ற ஊர்ப்பக்கத்துப் பண்ணை ஒன்றின் கொட்டிலில், வைக்கோலுக்கு அடியில் கிடந்த 1930களின் ஓப்பல் கார் ஒன்றின் வெறுங்கூட்டை வாங்கி வந்து, அடிச்சட்டத்தைத் தானே வெல்டிங் செய்து, வலுவான எஞ்சின் ஒன்றை ஏற்றியிருந்தாள். கூரையைத் தாழ்த்தியாயிற்று. முன்சக்கரங்கள் மூடியில்லாமல் வெளியே நீட்டிக்கொண்டு நிற்கும். இப்படிச் சொந்தக்காரர்களே கட்டுகிற பழைய காருக்கு ஹொட் ரொட் என்று பெயர். அவள் கணவன் மிதுஷன் நகரசபைப் பூங்காக்களில் மரம் தறிக்கிறவன். காரைப் பற்றி அவனுக்கு ஒன்றும் தெரியாது. ஆனால் பாரமான எதையும் மறுமுனையில் பிடித்துத் தூக்குவதற்கு எப்போதும் வந்து நிற்பான்.

போன இலையுதிர்காலத்தில் கடைசியாகப் பூட்டவேண்டியிருந்தது முன்பக்கத்து ஷொக் அப்சோபர்கள். மேடு பள்ளத்தில் சக்கரம் துள்ளாமல் அடக்கிப் பிடிக்கிற எண்ணெய்க் குழாய்கள் அவை. கம்சனா குரோம் பூசிய ஒரு சோடியை எடுத்தாள். வெளியே தெரிகிற சாமான் என்பதால் பளபளப்பாக இருக்கவேண்டும் என்று நினைத்தாள். பெட்டியில் 'ஸ்போர்ட்' என்று வேறு போட்டிருந்தது.

ல்யூனன் என்ற பக்கத்து ஊரில் அவர்கள் வாடகைக்கு எடுத்திருந்த கொட்டகைக்கு முன்னால் பெரிய கொங்கிரீட் முற்றம் உண்டு. ஒரு சனிக்கிழமை, மிதுஷன் பக்கத்தில் இருக்க, கம்சனா அங்கே முதல்முறையாக ஓட்டிப் பார்த்தாள். இரண்டு கொங்கிரீட் பலகைகள் சேருகிற மேட்டில் சக்கரம் ஏறியதுதான் தாமதம், 'டங்' என்று ஒரு சத்தம். காரின் மூக்கு எம்பித் துள்ளி விழுந்தது. ஸ்டியரிங் அவள் கையை உதறிவிட்டுத் திரும்பியது. குப்பைக் கொள்கலனில் மோத ஒரு முழம் இருக்கும்போது கார் நின்றது.

"உங்களுக்கு ரத்தம் வருது," என்றாள் கம்சனா, அவன் உதட்டைப் பார்த்து.

"ஒண்டுமில்லை, சொண்டு கடிபட்டிட்டுது. காருக்கு என்ன நடந்தது?"

"தெரியேல்லை. வெல்டிங் விட்டிட்டுதோ தெரியாது."

முன் அச்சைத் தாங்கும் குறுக்குச்சட்டத்தை அவளே வெல்டிங் செய்திருந்தாள். அதில் ஒரு வெடிப்பு விழுந்திருந்தால் அது ஒருநாள் ஆட்டோபான் நெடுஞ்சாலையில் சக்கரத்தோடு கழன்று போகும். அப்படியென்றால் முழுச் சட்டத்தையும் வெட்டிப்போட வேண்டியதுதான். காரைக் கொட்டகைக்குள் தள்ளியதும் அவள் அதற்கு மேல் தார்ப்பாயை இழுத்து மூடினாள்.

அதற்குப் பிறகு அவள் கொட்டகைப் பக்கமே போகவில்லை. டிசம்பரில் நத்தார்ப் பண்டிகை வந்து போனது. வெடிப்பு இருக்கிறதா என்று பார்க்க ஒரு மருந்து உண்டு என்பது அவளுக்குத் தெரியும். தெரிந்தும் வாங்கவில்லை. பார்க்காமல் இருக்கும்வரை இல்லை என்று நினைத்துக்கொள்ளலாம் அல்லவா?

மிதுஷன் ஒருநாள் சாப்பாட்டு மேசையில் மெதுவாகக் கேட்டான். "கம்சி, உமக்கு அது வேண்டாமெண்டால் வித்துப்போடுவம். நான் ஒண்டும் சொல்லமாட்டன்."

"வெடிச்ச சட்டத்தை ஆருக்கு விக்கிறது?"

"வெடிச்சதெண்டு ஆர் சொன்னது? நீர்தானே இன்னும் பாக்கேல்லை."

அந்த வாரமே அவள் மருந்தை வாங்கினாள். ஞாயிற்றுக்கிழமை இருவரும் போய்த் தார்ப்பாயை நீக்கினார்கள். வெல்டிங் செய்த இடத்தைத் துடைத்துச் சிவப்புத் திரவத்தை அடித்து, ஊறவிட்டு, வழித்தெடுத்துவிட்டு, மேலே வெள்ளைப் பூச்சை விசிறவேண்டும். மயிரளவு வெடிப்பு இருந்தாலும் உள்ளே போன சிவப்பு கசிந்து வெள்ளையில் கோடாகக் காட்டிக்கொடுத்துவிடும். வெள்ளை காயும்வரை கம்சனா கொட்டகை வாசலில் முதுகைக் காட்டிக்கொண்டு நின்றாள். மிதுஷன் டோர்ச் லைட்டோடு காருக்கு அடியில் படுத்திருந்தான்.

"சிவப்புத் தெரியுதே?"

"இல்லை."

"வலப்பக்க மூலையிலை?"

"அங்கை கொஞ்சம் கிடக்கு... பொறும், பொறும். அது என்ரை விரல் பட்டது. துடைச்சவுடனை போட்டுது."

அவள் ஓடிவந்து அவன் பக்கத்தில் படுத்துத் தானே பார்த்தாள். சுண்ணாம்பு அடித்த சுவர்போல எங்கும் வெள்ளை. ஒரு கோடு கிடையாது. குளிர்ந்த நிலத்தில் மல்லாந்து கிடந்தபடியே அவள் சிரிக்கத் தொடங்கினாள். இரண்டு மாதமாக நெஞ்சில் கிடந்த கல் இறங்கிவிட்டது. அப்படியானால் அந்தச் சத்தம் எங்கிருந்து வந்தது என்ற கேள்வியைக்கூட அன்று அவள் கேட்கவில்லை.

அதற்குப் பதில் வேலையிடத்தில் கிடைத்தது. கோவால்ஸ்கி என்ற ஒரு வயதான அம்மா, செயற்கைக் காலில் பூட்டிய புதிய முழங்கால் மூட்டோடு வந்திருந்தார். காற்றடித்தால் பறந்துவிடுவார் போன்ற உடம்பு.

"இந்தக் காலுக்கு என்னைப் பிடிக்கவில்லை," என்றார் ஜெர்மனில். "அடியெடுத்து வைத்தால் தள்ளிவிடுகிறது."

அந்த மூட்டுக்குள்ளும் சின்னதாக ஓர் எண்ணெய்க் குழாய் இருக்கிறது. கம்சனா அதைச் சோதித்துப் பார்த்தாள். பாரமான ஓர் ஆளுக்கு ஏற்ற இறுக்கத்தில் அது இருந்தது. திருகைத் தளர்த்தினாள். அம்மா ஜன்னல்வரை போய்த் திரும்பி வந்தார். சுவரோரக் கைப்பிடியைத் தொடவே இல்லை.

கம்சனா திருப்புளியும் கையுமாக நின்றுவிட்டாள். தன் காரில், கூட்டின் அழகுக்காக எஞ்சினை நன்றாகப் பின்னுக்குத் தள்ளி வைத்திருந்தாள். முன்பக்கம் சக்கரமூடி இல்லை, பக்கத் தகடு இல்லை. அந்த மூக்கில் என்ன பாரம் இருக்கப்போகிறது? அதற்கு அந்த 'ஸ்போர்ட்' குழாய்களின் இறுக்கம் கூடிப்போயிற்றோ? நிறுத்துப் பார்க்காமல் ஒரு நோயாளியையும் வெளியே அனுப்பாதவள், தன் காரை ஒருநாளும் நிறுத்துப் பார்க்கவில்லை.

பட்டறையில் சக்கர நாற்காலியோடு ஆட்களை ஏற்றி நிறுக்கிற தட்டைத் தராசு ஒன்று உண்டு. சனிக்கிழமைக்கு அதைத் தரமுடியுமா என்று முதலாளியிடம் கேட்டாள்.

"யாருக்கு?" என்றார் அவர்.

"ஓப்பலுக்கு."

அவர் சிரித்துக்கொண்டே சாவியைக் கொடுத்தார்.

மற்றச் சக்கரங்களுக்கு அடியில் அதே உயரத்துக்குப் பலகை வைத்து, ஒரு முன்சக்கரத்தைத் தராசில் ஏற்றினார்கள். முன்னூறு கிலோ வரும் என்று அவள் கணக்குப் போட்டிருந்தாள். இருநூறுகூட வரவில்லை. பிறகு ஷொக் அப்சோபரின் மினுங்குகிற தண்டில் மெல்லிய பிளாஸ்டிக் பட்டி ஒன்றை இறுக்கிக் கட்டி, தனியாகக் காரை ஓட்டி அந்த மேட்டில் மெதுவாக ஏறி இறங்கினாள். தண்டு எவ்வளவு உள்ளே போகிறதோ அவ்வளவுக்குப் பட்டி நகர்ந்திருக்கவேண்டும். அது நகத்தளவுகூட நகரவில்லை.

"பாத்தியளே? இது அசையவே இல்லை," என்றாள். "கம்பி வைச்ச மாதிரி நிக்குது. அதுதான் முழு முன்பக்கமும் தூக்கி விழுந்தது. சட்டத்திலை ஒரு பிழையுமில்லை."

"அப்ப மெதுவானது ஒண்டை வாங்கும்."

இறுக்கம் குறைந்த மெதுவான சாமானிலும் மூன்று வகை வந்து நின்றது. குரோமிலேயே இளகலான ஒன்று இருந்தது, ஆனால் நீளம் கூட. கார் சும்மா நிற்கும்போதே முக்கால்வாசி அமுங்கிவிடும்; பள்ளத்தில் இறங்கினால் அடியில் போய் இடிக்கும். இறுக்கத்தைக் கூட்டிக் குறைக்கக்கூடிய இன்னொன்று ஸ்டியரிங் கம்பியில் முட்டுகிற அளவுக்குத் தடிப்பு. மூன்றாவது, சின்னப் பழைய கார்களுக்கென்று செய்த சாதாரணச் சாம்பல் நிறச் சோடி. பாரம் பொருந்தியது. கார் நிற்கும் உயரத்தில் தண்டு பாதி உள்ளே, பாதி வெளியே இருந்தது. மேலும் கீழும் போக இடம் உண்டு. வீதியில் ஓட்ட அனுமதி தருகிற பரிசோதனையில் காட்டவேண்டிய பத்திரமும் கூடவே வந்தது.

மிதுஷன் அதைக் கையில் எடுத்துப் பார்த்தான். "எங்கடை குசினித் தொட்டிக்குக் கீழை இருக்கிற பைப் மாதிரி இருக்கு."

"ஓம். பூட்டுவம்."

பூட்டி முடித்த அன்று அவள் சொன்னாள், "நீங்கள் வெளியிலை நிண்டு பாருங்கோ."

"ஏலாது. நானும் வாறன்." அவன் ஏறிக் கதவைச் சாத்தி, இரண்டு கையாலும் இருக்கையைப் பிடித்துக் கண்ணையும் மூடிக்கொண்டான்.

கார் முற்றத்தைச் சுற்றி வந்தது. மேட்டில் மூக்கு ஒருமுறை எழுந்து, தாழ்ந்து, அப்படியே அடங்கியது. கம்சனா இன்னொரு சுற்றுப் போனாள்.

"அந்த மேடு எப்ப வரும்?" என்றான் மிதுஷன்.

"ரெண்டு தரம் தாண்டிட்டம்."

அவன் கண்ணைத் திறந்தான். "மெய்யாவோ?"

"மெய்யா."

பங்குனியில் பரிசோதனைக்கு டெர்மின், அதாவது நேரம், குறித்துக் கிடைத்தது. இலக்கத்தகடு இல்லாததால் டிரெய்லரில் ஏற்றிக் கொண்டுபோனார்கள். பரிசோதகர் ஒல்லியான மனிதர், அதிகம் பேசாதவர். விளக்கோடு காருக்கு அடியில் நின்று குறுக்குச்சட்டத்தை நெடுநேரம் பார்த்தார்.

"யார் வெல்டிங் செய்தது?"

"நான்," என்றாள் கம்சனா.

அவர் தலையை மட்டும் அசைத்தார். முன்பக்கத்தை இரண்டு கையாலும் அமுக்கி விட்டார். எழுந்து நின்றது, திரும்ப ஆடவில்லை. பிறகு தானே ஏறி வெளியே ஓட்டிப் போனார். அவர் திரும்பி வரும்வரை இருவரும் கோப்பி இயந்திரத்தின் பக்கத்தில் நின்றார்கள். மிதுஷன் வாங்கிய கோப்பி கையிலேயே ஆறியது.

"முன்பக்கம் நன்றாக இருக்கிறது," என்றார் பரிசோதகர் இறங்கியதும். "வைப்பருக்கு மட்டும் புது ரப்பர் போடுங்கள்." மேசைக்குப் போய் முத்திரையைக் குத்தினார்.

முத்திரை குத்திய பத்திரத்தைக் கம்சனா இரண்டு கையாலும் வாங்கினாள். திரும்பி வரும் வழியில் இலக்கத்தகட்டுக்கு எந்த எழுத்துகள் கேட்பது என்று மிதுஷன் ஏதோ சொல்லிக்கொண்டு வந்தான். பதில் வராததால் பக்கத்தில் பார்த்தான். அவள் பத்திரத்தை மடியில் வைத்தபடி, வாய் கொஞ்சம் திறந்திருக்க, நன்றாக நித்திரையாகியிருந்தாள். அவன் வானொலியைக் குறைத்துவிட்டு, லாறிகள் போகிற வலது ஓரத்துக்கு மாறி மெதுவாக ஓட்டினான்.