அம்சாவின் வேஷத் தாயம்

அம்சா உடைக்காத சிறை கிடையாது. அவளை நினைத்தாலே இன்றைக்கும் எனக்கு முதலில் கோபம்தான் வருகிறது, அதற்கப்புறம்தான் மற்றதெல்லாம்.

அவள் அண்ணன் தங்கவேலுக்குத் திருத்தணியில் பள்ளிப்பட்டு ரோட்டை ஒட்டி ஒரு பவர்லூம் கொட்டகை இருந்தது. நானும் ஞானம்மாளும் அங்கே கூலிக்குத் தார் சுற்றினோம். தறியில் குறுக்கே ஓடுகிற நாடாவுக்குள் போகிற ஊடைநூலைச் சின்னக் கட்டையில் சுற்றித் தருகிற வேலை. அம்சாவும் சுற்றினாள், கூலி இல்லாமல். அவளைக் கட்டினவன் பம்பாய்ப் பக்கம் தறி ஓட்டப் போனவன், அங்கேயே இன்னொருத்தியோடு குடித்தனம் வைத்துவிட்டான். தங்கவேல் போய்த் தங்கையை அழைத்துவந்தான். சோறு போட்டான், தீபாவளிக்குப் புடவை எடுத்தான், ஒரு நாளும் கை ஓங்கவில்லை. அவள் தனியாக வாசலைத் தாண்டுவது மட்டும் அவனுக்குப் பிடிக்காது. "வாழாவெட்டி திரியறான்னு நாலு பேர் பேசுவாங்க" என்பான். அந்த நாலு பேர் யாரென்று நானும் தேடிப் பார்த்துவிட்டேன். ஒருத்தர்கூட அகப்படவில்லை.

எண்பதுகளின் தொடக்கம். கரண்ட் போகாத நாளே இல்லை. தறிச்சத்தம் நின்றதும் அம்சா சாக்பீஸை எடுத்துச் சிமென்ட் தரையில் கோட்டை, காடு, ஆறு எல்லாம் வரைவாள். வேஷத் தாயம் என்று நாங்களே பேர் வைத்துக்கொண்ட ஆட்டம். ஞானம்மாள் எப்போதும் ராணி வேஷம்தான் கட்டுவாள். அம்சா திருடி. நான் கதை சொல்கிறவள். எந்த வேஷமானாலும் முதலில் சிறைக்குள்ளேதான் இருக்க வேண்டும்.

"காவக்காரன் முழிச்சிகினு கீறான். சாவி அவன் இடுப்புல. இன்னா பண்ணுவ?" என்று நான் கேட்பேன்.

"நைனா நைனான்னு கூப்ட்டு முறுக்கு குடுப்பேன். அவன் ரெண்டு கையாலயும் வாங்கசொல்ல சாவிய உருவிக்குவேன்."

சொல்லிவிட்டால் போதாது. பித்தளைத் தாயக்கட்டை இரண்டையும் உள்ளங்கையில் தேய்த்து உருட்ட வேண்டும். இரண்டும் சேர்ந்து ஒன்று விழுந்தால் தாயம். தாயம் விழுந்தால்தான் அவள் சொன்னது நடக்கும், கதவு திறக்கும். விழாவிட்டால் உள்ளேயே கிடக்க வேண்டியதுதான்.

ஞானம்மாளுக்கு இது பிடிக்கவில்லை. அவள் பிறந்த வீடு மணவூரில். அங்கே புளியங்கொட்டையை ஒரு பக்கம் தேய்த்துவைத்து ஆடுவார்களாம். சிறையெல்லாம் கிடையாது, எடுத்த எடுப்பிலேயே ஊர் சுற்றக் கிளம்பிவிடலாம். அம்சா அதைக் காதிலேயே போட்டுக்கொள்ளவில்லை. "கதவே இல்லாத ஊர்ல இன்னாக்கா வெளையாட்டு?" என்றாள்.

ஒரு முறை ஞானம்மாள் உருட்டிய கட்டை தார்க்கூடையில் இடித்துப் புரண்டுவிட்டது. இன்னொரு தடவை போடுகிறேன் என்று கெஞ்சினாள். "எதுல பட்டா இன்னா? வுழுந்தது வுழுந்ததுதான்" என்று அம்சா ஒரே பிடியாக நின்றாள். தனக்கும் அதே சட்டம்தான். கரண்ட் வருகிறவரை தாயம் விழாமல் சிறையிலேயே உட்கார்ந்திருந்த நாளும் உண்டு. அன்றைக்கும் முகம் வாடாது. வெளியே வர அவள் கண்டுபிடித்த வழிகளிலே எனக்குப் பிடித்தது ஆடிக்கிருத்திகை வழி. மொட்டையடித்து, தலையில் சந்தனம் பூசி, காவடிக் கூட்டத்தோடு கூட்டமாக அரோகரா போட்டுக்கொண்டே காவக்காரன் முன்னாலேயே நடந்துபோனாள்.

அந்த வருஷம் நிஜ ஆடிக்கிருத்திகைக்கு அவளுடைய சித்தி மகள் வள்ளியம்மாள் மெட்ராஸிலிருந்து வந்திருந்தாள். தான் வேலை செய்கிற தையல் கம்பெனியில் ஆள் எடுக்கிறார்கள், தன் வீட்டிலேயே தங்கிக்கொள்ளலாம், இன்றைக்கே கூட வா என்றாள். அம்சாவின் முகத்தில் அப்படி ஒரு வெளிச்சத்தை அதற்கு முன் நான் பார்த்ததில்லை. தங்கவேல், "அதெல்லாம் வாணாம்" என்று ஒரே வார்த்தையில் முடித்துவிட்டுக் காவடி தூக்கப் போய்விட்டான்.

"உன் ஆட்டமேதான்டி. ஊரு பூரா கூட்டம். கெளம்பு" என்றேன்.

மாற்றுப்புடவை இரண்டை ஒரு பையில் திணித்துக்கொண்டு கிளம்பினாள். நானும் வள்ளியம்மாளும் ஆளுக்கொரு பக்கம். வழியில் எதிரே தங்கவேலே வந்தான். தோளில் பூக்காவடி, கண் மலைமேல். எங்களை உரசிக்கொண்டு போனான், பார்க்கவில்லை. இனி இவளைத் தடுக்க யாருமில்லை என்று அப்போதே சந்தோஷப்பட்டுவிட்டேன்.

பஸ் ஸ்டாண்டில் மெட்ராஸ் பஸ் கிளம்பத் தயாராக நின்றது. வள்ளியம்மாள் முண்டியடித்து ஏறி இடம் பிடித்துவிட்டாள். அம்சா படிக்குக் கீழே நின்றாள்.

"ஏறும்மா, இல்லாட்டி நவுரு" என்று கண்டக்டர் கத்தினார்.

அவள் நகரவில்லை. வெறும் கையிரண்டையும் சேர்த்துத் தேய்த்துக்கொண்டிருந்தாள், உள்ளே கட்டை இருப்பதுபோல.

"போடாம எப்டிக்கா தெரியும்?"

"இன்னாடி தெரியணும்?"

"போலாமா வாணாமான்னு."

"கதவு தெறந்துகினு கீதுடி!"

"ஆங். அதான்க்கா பயமா கீது."

பஸ் கிளம்பிவிட்டது. ஜன்னலில் வள்ளியம்மாள் கையை ஆட்டி ஆட்டி என்னவோ சொன்னாள், கூட்டத்துச் சத்தத்தில் கேட்கவில்லை. அம்சா எனக்கு முன்னால் விடுவிடென்று நடந்தாள். அண்ணன் மலையிலிருந்து இறங்குவதற்குள் உலை வைத்துவிட்டாள். அவனுக்கு இன்றுவரை எதுவும் தெரியாது. நான் என் வீட்டுக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன்.

திருவிழா முடிந்து தறி ஓடிய அன்றே கரண்ட் போனது. அம்சா எதுவும் நடக்காததுபோல உட்கார்ந்து கோட்டை வரைந்தாள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"நீ சிறையில கீற. காவக்காரன் இல்ல. கதவு தெறந்து கீது. இன்னா பண்ணுவ?" என்று கேட்டேன்.

ஞானம்மாள் என்னை முறைத்தாள்.

"போவேன்" என்றாள் அம்சா, சின்னக் குரலில்.

"போடு."

தேய்த்து உருட்டினாள். ஒரு கட்டையில் ஒரு புள்ளி, இன்னொன்று வெறுமை. தாயம். ஞானம்மாள் கைதட்டிவிட்டாள்.

அம்சா சட்டென்று கட்டைகளை உள்ளங்கையால் மூடினாள்.

"கூடையில பட்டுடுச்சிக்கா. இது செல்லாது. இன்னொரு தபா போடறேன்" என்றாள்.

தார்க்கூடை என் மடியில் இருந்தது.